ரூபாயின் நம்பர் 8377

பாங்கியிலிருந்து உங்கள் கைப்பேசிக்கு வருகிற குறுஞ்செய்தியை என்றைக்காவது ஊன்றிப் படித்திருக்கிறீர்களா? "உங்கள் கணக்கிலிருந்து இன்ன தேதியில் இவ்வளவு எடுக்கப்பட்டது" என்று சொல்லுமே, அதைத்தான் கேட்கிறேன். படித்திருப்பீர்கள். ஆனால் தொகையை மட்டும் படித்திருப்பீர்கள். தொகையைப் பார்த்த பிறகு மற்றதைப் படிக்கிற தெம்பு நம்மில் பல பேருக்கு இருப்பதில்லை!

அடுத்த தடவை செய்தி வரும்போது, தொகைக்கு முன்னால் என்ன அச்சாகியிருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் 'ஆர்', 'எஸ்' என்ற இரண்டு இங்கிலீஷ் எழுத்துக்கள் இருக்கும். இல்லாவிட்டால் 'ஐ.என்.ஆர்.' என்று மூன்று எழுத்து இருக்கும். நமது ரூபாய்க்கென்று 2010-ல் சர்க்கார் விமரிசையாகத் தேர்ந்தெடுத்த ₹ என்ற குறி அங்கே அநேகமாக இராது.

இது என்ன வேடிக்கை? நாணயத்தில் அந்தக் குறி இருக்கிறது. நோட்டில் இருக்கிறது. மளிகைக் கடை விலைப் பலகையிலிருந்து மாம்பழக் கூடையில் செருகிய அட்டை வரைக்கும் எங்கும் இருக்கிறது. பணத்தையே தொழிலாகக் கொண்ட பாங்கிக்கு மட்டும் அந்தக் குறி ஆகவில்லையா?

பாங்கி மானேஜர் மீது கோபித்துக் கொள்ளாதீர்கள். அவர் பேரில் ஒரு குற்றமும் இல்லை. காரணம் வேறே இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தெரிந்து கொண்டால், நீங்கள் அனுப்புகிற விலைப் பட்டியலும் ரசீதும் மற்றவர் கையில் எப்படிப் போய்ச் சேருகின்றன என்பதும் தெரிந்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட விஷயம். தெரிந்து கொண்டால் நஷ்டமில்லை.

எழுத்தறியாத யந்திரம்

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது எழுத்தறியாத யந்திரம்! கம்ப ராமாயணத்தையும் கலைக்களஞ்சியத்தையும் தனக்குள் அடக்கிக் கொண்டிருக்கிறது, வாஸ்தவம். ஆனாலும் எழுத்து என்ற ஒன்றை அது அறியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான்.

இங்கிலீஷின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக நீங்கள் அழுத்தினால், கம்ப்யூட்டர் தன் குறிப்பில் 65 என்று எழுதிக் கொள்கிறது. அடுத்த எழுத்துக்கு 66. முற்றுப்புள்ளி வைத்தால் 46. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதற்கு எல்லோரும் ஒப்புக் கொண்ட ஒரு ஜாபிதா வேண்டுமல்லவா? அப்படிப்பட்ட ஜாபிதா ஒன்றை 1963-ல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். 'ஆஸ்கி' என்பது அதன் பெயர். அதில் மொத்தமே 128 இடங்கள்தான். அமெரிக்கர்கள் தயாரித்த ஜாபிதா அல்லவா? தங்கள் டாலரை மறக்காமல் அதற்கு 36-ம் நம்பரில் இடம் போட்டுக் கொண்டார்கள். இங்கிலீஷ்காரரின் பவுனுக்குக் கூட அதில் இடமில்லை. பின்னால் வந்த பெரிய ஜாபிதாக்களில்தான் அதற்கு 163 என்ற நம்பர் கிடைத்தது.

நமது ரூபாய் என்ன செய்தது? அதற்குத் தனிக் குறி இல்லாததால் கவலையும் இல்லை. 'ஆர்', 'எஸ்', ஒரு புள்ளி. அதாவது 82, 115, 46. மூன்று எண்களில் காரியம் முடிந்தது. டைப்ரைட்டர் காலத்திலிருந்து பழகிய வழிதான்.

உலகத்திலுள்ள எல்லா மொழிகளுக்கும் 128 இடம் எப்படிப் போதும்? ஆகவே 'யூனிகோடு' என்ற ஒரு பெரிய ஜாபிதா 1991-ல் வெளிவரத் தொடங்கியது. அதில் பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. தமிழ், தெலுங்கு, சீனம், அரபி எல்லாவற்றிற்கும் அதில் தனித் தனி வீதிகள் இருக்கின்றன. தமிழ் 'அ'வுக்கு நம்பர் 2949. இந்த நம்பர் சென்னையிலும் ஒன்றுதான், சிங்கப்பூரிலும் ஒன்றுதான்.

வேஷமும் வேஷப் பெட்டியும்

"எண் சரி, திரையில் எழுத்துத் தெரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பீர்கள்.

நாடகக் கம்பெனியை நினைத்துக் கொள்ளுங்கள். எழுத்தின் எண் என்பது பாத்திரத்தின் பெயர். இராமன், சீதை, அனுமான் என்பது மாதிரி. அந்தப் பாத்திரத்துக்குப் போடுகிற வேஷம் தனிப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குத்தான் எழுத்துரு என்று பெயர். ஃபாண்ட் என்றும் சொல்கிறார்கள். ஒரு பெட்டியில் இராமனுக்கு ஜரிகைக் கிரீடம் இருக்கும். இன்னொரு பெட்டியில் காகிதக் கிரீடம் இருக்கும். பாத்திரம் ஒன்றுதான்.

இதில் முக்கியமான சங்கதி என்ன தெரியுமா? நீங்கள் ஒரு கடிதத்தைக் கம்ப்யூட்டர் மூலம் அடுத்த ஊருக்கு அனுப்பினால், பெரும்பாலும் பாத்திரங்களின் பெயர்ப் பட்டியல் மட்டுமே போகிறது. வேஷப் பெட்டி போவதில்லை. அந்த ஊரில் இருக்கிற பெட்டியிலிருந்து எடுத்துத்தான் அங்கே வேஷம் போடுவார்கள். அங்கேயுள்ள பெட்டியில் அனுமானுக்கு வால் இல்லாவிட்டால், வால் இல்லாத அனுமான்தான் மேடைக்கு வருவார்!

இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ரூபாய்க் குறியின் கதை முழுவதும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

குறி பிறந்த கதை

2009-ம் ஆண்டு மார்ச்சில் இந்திய சர்க்காரின் நிதி இலாகா, ரூபாய்க்கு ஒரு சின்னம் வரைந்து கொடுக்கும்படி தேச மக்களுக்குப் போட்டி வைத்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள் வந்து குவிந்தன. ஐந்தைப் பொறுக்கி எடுத்தார்கள். கடைசியில் 2010 ஜூலை 15-ந் தேதி மத்திய மந்திரி சபை அவற்றில் ஒன்றை அங்கீகரித்தது.

அதை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார். அப்போது பம்பாய் ஐ.ஐ.டி.யில் வடிவக் கலை ஆராய்ச்சி மாணவர், கௌஹாத்தி ஐ.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர இருந்தார். அவருடைய ஆராய்ச்சி விஷயம் என்ன தெரியுமா? தமிழ் அச்செழுத்துக்களின் வரலாறு! பரிசுத் தொகை இரண்டரை லட்ச ரூபாய். தேவநாகரி 'ர' எழுத்தையும், நிமிர்ந்த கோடு இல்லாத இங்கிலீஷ் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரண்டு கிடைக் கோடுகள் போட்டு அந்தக் குறியை அமைத்தார்.

சித்திரம் கிடைத்துவிட்டது. ஆனால் ஜாபிதாவில் நம்பர் இல்லை. நம்பர் இல்லாத எழுத்து கம்ப்யூட்டரைப் பொறுத்தமட்டில் இல்லாத எழுத்துத்தான். காகிதத்தில் வரையலாம், சுவரில் எழுதலாம்; விசைப்பலகையில் அடிக்க முடியாது. உள்நாட்டில் ஆறு மாதத்திலும் வெளி உலகத்தில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளிலும் குறி வழக்கத்துக்கு வரும் என்று அப்போது சர்க்கார் சொல்லிற்று.

குறுக்கு வழி

நம்மவர்களுக்கு ஆறு மாதம் காத்திருக்கப் பொறுக்குமா? சில தினங்களுக்குள் மங்களூரைச் சேர்ந்த ஃபொராடியன் என்ற கம்பெனி ஓர் எழுத்துருவைத் தயாரித்து இனாமாகவே வெளியிட்டது. விசைப்பலகையில் இடது மேல் மூலையில், 1-க்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சாய்ந்த கோடு ( ` ) இருக்கிறது பாருங்கள். அதை யாரும் அதிகமாக உபயோகிப்பதில்லை. அந்தக் கோட்டின் நம்பர் 96. புதிய எழுத்துருவில் 96-ம் நம்பர் பாத்திரத்துக்கு ரூபாய் வேஷத்தைப் போட்டுவிட்டார்கள். விசையைத் தட்டினால் ரூபாய்க் குறி வந்தது. ஜனங்கள் கொண்டாடினார்கள், ஆயிரக்கணக்கில் இறக்கிக் கொண்டார்கள்.

அவசரத்துக்கு அது பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள ஆபத்து உங்களுக்கு இதற்குள் புலப்பட்டிருக்கும். வேஷம்தான் ரூபாய், ஆசாமி சாய்ந்த கோடு! அந்தப் பெட்டி இல்லாத வேறொரு யந்திரத்துக்குக் கடிதம் போனதும் வேஷம் கலைந்து, ₹500 என்பது `500 என்று நின்றது.

தமிழில் டைப் செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. 'பாமினி' முதலான பழைய தமிழ் எழுத்துருக்கள் இதே உபாயத்தைத்தான் கையாண்டன. 'அம்மா' என்று நாம் ஆசையோடு அடிப்போம். உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற இங்கிலீஷ் வரிசைதான். பாமினி இல்லாத ஊரில் அம்மாவைக் காணோம். வெறும் எம்மும் கேயும் வந்து நிற்கும்.

அந்தக் குறுக்கு வழியின் தடம் இன்னும் மறையவில்லை. அந்த ஆண்டுகளில் வெளியான எத்தனையோ கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைத் திறந்து பாருங்கள். கண்ணுக்கு ரூபாய்க் குறி அழகாகத் தெரியும். அந்த வரியை நகல் எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால், கோடிக் கணக்கான ரூபாய்க்கு முன்னால் அந்தச் சாய்ந்த கோடு வந்து உட்காரும்.

நம்பர் கிடைத்தது

நல்ல வேளையாக, சட்டப்படியான நம்பரும் சீக்கிரமே வந்துவிட்டது. 2010 அக்டோபரில் வெளியான யூனிகோடின் ஆறாவது பதிப்பில் ரூபாய்க் குறிக்கு 8377 என்ற எண் ஒதுக்கப்பட்டது. குறியைத் தேர்ந்தெடுத்து மூன்றே மாதங்கள்! அக்கம் பக்கத்தில் இருப்பவர்களும் பெரிய மனிதர்கள்தான். 8364-ல் ஐரோப்பாவின் யூரோ இருக்கிறது. அது 1998-ல் குடியேறியது. 8360-ல் 'ஆர்', 'எஸ்' இரண்டையும் ஒட்டிச் செய்த பழைய பொது ரூபாய்க் குறி முன்பே இருக்கிறது. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம் என்று பல தேசங்களிலும் ரூபாய் உண்டல்லவா? அது எல்லோருக்கும் பொது. 8377 மட்டும் நமக்கே நமக்கு.

கம்ப்யூட்டர்க்காரர்கள் இந்த எண்ணை 8377 என்று எழுதுவதில்லை. '20பி9' என்று எழுதுகிறார்கள். நடுவில் இருப்பது இங்கிலீஷ் 'பி' எழுத்து. பயந்துவிடாதீர்கள். 1957-க்கு முன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் பதினாறு அணாவை ஒரு ரூபாயாகக் கணக்குப் பார்த்தார்களே, அதே பதினாறுதான் இது. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம்; இவர்கள் பதினாறு பதினாறாக எண்ணுகிறார்கள். ஒன்பதுக்கு மேல் இலக்கம் இல்லாததால் பத்துக்கு 'ஏ', பதினொன்றுக்கு 'பி' என்று பதினைந்து வரை எழுத்தைப் போட்டுக் கொள்கிறார்கள். கடைசி 9 சில்லறை. 'பி' என்பது பதினொரு பதினாறு, அதாவது 176. அடுத்தது சூன்யம். முதலில் உள்ள 2 என்பது இரண்டு 4096, அதாவது 8192. கூட்டிப் பாருங்கள்: 8377. அணாக் கணக்குத் தெரிந்த தாத்தா உயிரோடிருந்தால் இதை விரல் மடக்கியே சொல்லியிருப்பார்!

நம்பர் வந்ததும் வேஷப் பெட்டிகளில் புது வேஷம் வைக்க வேண்டுமே? மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கான சேர்க்கையை 2011 மே மாதம் வெளியிட்டது. அதே 2011-ல் நாணயங்களிலும், 2012-ல் நோட்டுக்களிலும் குறி ஏறியது.

முந்திக் கொண்ட தமிழ் ரூபாய்

இங்கே தமிழ் வாசகர்கள் சற்றுத் தலை நிமிர்ந்து கொள்ளலாம். டில்லியின் ரூபாய்க் குறிக்கு ஏழு வருஷங்களுக்கு முன்பே தமிழ் ரூபாய்க் குறிக்கு நம்பர் கிடைத்துவிட்டது!

பழைய வீடுகளில் பரண் மேலே கிடக்கும் கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் புரட்டினால் ௹ என்று ஒரு சுழி தென்படும். அதுதான் தமிழ் ரூபாய். 2003-ல் வந்த யூனிகோடின் நாலாவது பதிப்பில் நாள், மாதம், வருஷம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், இலக்கம் ஆகிய எட்டுக் குறிகளுக்கும் 3059 முதல் 3066 வரை நம்பர் கொடுத்தார்கள். ரூபாயின் நம்பர் 3065. மேற்படிக் குறியைச் சில கல்யாணப் பத்திரிகைகளில் இன்றும் காணலாம். ரூபாய்க் குறியை எழுதுகிறவர்கள் மிகவும் அருகிவிட்டார்கள். ஆனாலும் உலகத்தின் ஜாபிதாவில் அதற்கு அழியாத இடம் உண்டு.

2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட் சின்னத்தில் ₹ இருந்த இடத்தில் 'ரூ' என்று போட்டதும் தேசம் முழுவதும் வாதப் பிரதிவாதம் எழுந்தது நினைவிருக்கும். அந்த வழக்கில் நாம் புகப் போவதில்லை. கம்ப்யூட்டர் அதை எப்படிப் பார்க்கிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ₹ அதற்கு ஓர் எண். 'ரூ' இரண்டு எண்கள்: 'ர'வுக்கு 2992, அதன் மேல் ஏறும் ஊகாரத்துக்கு 3010. இரண்டையும் சேர்த்து ஒரே எழுத்தாகக் காட்டுவது எழுத்துருவின் சாமர்த்தியம்.

எப்படி அடிப்பது?

இனிமேல் காரியத்துக்கு வருவோம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில், மொழி அமைப்பில் 'இங்கிலீஷ் (இந்தியா)' என்ற விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள். பிறகு வலது பக்கத்து 'ஆல்ட்' விசையை அழுத்திக் கொண்டு 4-ஐத் தட்டுங்கள். ரூபாய் வந்துவிடும். அதே 4-ன் தலையில்தான் டாலரும் குடியிருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? பணக்கார விசை!

மைக்ரோசாஃப்ட் வேர்டில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஆல்ட் விசையை அழுத்தியபடி வலது கோடியிலுள்ள எண் விசைகளில் 8377 என்று அடிக்கலாம். அல்லது '20பி9' என்று இங்கிலீஷ் 'பி'யுடன் அடித்துவிட்டு, ஆல்ட்டையும் 'எக்ஸ்' விசையையும் சேர்த்து அழுத்தலாம். அடித்த நான்கும் மாயமாய் மறைந்து ரூபாயாக மாறும். இணையப் பக்கம் தயாரிக்கிறவர்கள் ₹ என்று எழுதினால் போதும்.

கைப்பேசியில் இன்னும் சுலபம். எண்களும் குறிகளும் உள்ள பக்கத்துக்குப் போனால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். காணாவிட்டால் டாலர் குறியை விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மற்ற தேசத்துப் பணங்களோடு நம் ரூபாயும் எட்டிப் பார்க்கும்.

நாலு வியாதிகள்

அடிப்பது சுலபம். போய்ச் சேருவதில்தான் வில்லங்கம். நீங்கள் அப்பளம், வடாம் செய்து விற்கிறவர் என்று வைத்துக் கொள்வோம். வெளியூர்க் கடைக்கு விலைப் பட்டியல் அனுப்புகிறீர்கள். அங்கே ரூபாய்க் குறி நாலு விதமாகக் கெட்டுப் போகலாம். வைத்தியர் நாக்கைப் பார்த்து வியாதியைச் சொல்வதுபோல், கெட்டுப் போன குறியைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

முதலாவது, வெறுங் கட்டம். ரூபாய்க்குப் பதில் ஒரு சின்னச் சதுரம் தெரிந்தால், நம்பர் பத்திரமாக வந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெட்டியில் வேஷம் மட்டும் இல்லை என்று அர்த்தம். இது சாதாரண ஜலதோஷம். எழுத்துருவை மாற்றினால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, சாய்ந்த கோடு. இது முன்னே சொன்ன 96-ம் நம்பர் ஆசாமி. அனுப்பியவர் பழைய குறுக்கு வழி எழுத்துருவை இன்னும் விடவில்லை. அவர் கோட்டை மாற்றி, 8377-ஐ அடித்து அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, கேள்விக்குறி. ?120 என்று பட்டியலில் வந்தால் கொஞ்சம் கவலைப்பட வேண்டியதுதான். 8377-க்கு இடமில்லாத பழைய ஜாபிதா ஒன்றின்படி யாரோ அதைச் சேமித்திருக்கிறார்கள். இடம் தெரியாத எழுத்தையெல்லாம் அந்த யந்திரம் கேள்விக்குறியாக்கிவிட்டது. உண்மையான நம்பர் அழிந்தே போய்விட்டது. எந்த எழுத்துருவாலும் அதை மீட்க முடியாது. மூலப் பிரதியிலிருந்து மறுபடியும் எடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

நாலாவது வியாதிதான் பொல்லாதது. தொப்பி போட்ட இங்கிலீஷ் சின்ன 'ஏ' ஒன்று, அதன் பக்கத்தில் கீழே ஒரு காற்புள்ளி, அப்புறம் மேலே ஒரு குட்டி 1, அதற்கப்புறம் 500 என்று வந்து நிற்கும். இது எப்படி நேருகிறது? கம்ப்யூட்டர் எண்களைச் சின்னச் சின்ன டப்பாக்களில் வைத்து அனுப்புகிறது. ஒரு டப்பாவில் 255 வரைதான் கொள்ளும். 8377 அதில் அடங்குமா? ஆகவே இப்போது எங்கும் வழங்கும் முறைப்படி அதை 226, 130, 185 என்று மூன்று டப்பாக்களில் பிரித்து அடைக்கிறார்கள். வாங்குகிறவர் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் ரூபாய். விஷயம் தெரியாத பழைய நிரலானது தனித் தனியாகத் திறந்தால், 226-க்குத் தொப்பிக்கார 'ஏ', 130-க்குக் காற்புள்ளி போன்ற ஒரு குறி, 185-க்குக் குட்டி 1.

அந்தக் குட்டி 1 வந்து நிற்கிற இடத்தைப் பாருங்கள்! சரியாகத் தொகைக்கு முன்னால். ஐந்நூறு ரூபாய் வடாத்தை அவசரத்தில் பார்க்கிற கடைக்காரர் ஆயிரத்து ஐந்நூறு என்று படித்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? மற்ற மூன்று வியாதிகளும் குறியைத்தான் கெடுக்கின்றன. இது தொகையையே கெடுக்கப் பார்க்கிறது.

பாங்கியின் கணக்கு

இப்போது பாங்கிச் செய்திக்கு வரலாம். குறுஞ்செய்தி முறை ஐரோப்பாவில் வகுத்த கைப்பேசித் திட்டத்தில் பிறந்தது. அதற்கென்று தனியாக ஒரு சிறிய ஜாபிதா உண்டு. டாலர், பவுன், ஜப்பான் யென் மூன்றும் அதில் இருக்கின்றன. யூரோவைப் பின்னால் சேர்த்துக் கொண்டார்கள். கிரேக்க எழுத்துக்கள் சிலவற்றுக்குக் கூட அதில் இடம் இருக்கிறது. ₹-க்கு மட்டும் இல்லை!

அந்தச் சிறிய ஜாபிதாவுக்குள் அடங்கி எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்துக்கள் கொள்ளும். அதில் இல்லாத ஒரே ஓர் எழுத்து நுழைந்தாலும் போதும். செய்தி முழுவதையும் பெரிய முறைக்கு மாற்றியாக வேண்டும். அப்போது ஒரு செய்தியில் 70 எழுத்துக்களுக்குத்தான் இடம். நீண்ட செய்தியைத் துண்டு போட்டால் துண்டுக்கு 67. 150 எழுத்துள்ள ஒரு பாங்கிச் செய்தி, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் ஒரே செய்தி. ஒரு ரூபாய்க் குறியைப் போட்டால் அதுவே மூன்று செய்தி! செலவும் மூன்று மடங்கு. கோடிக் கணக்கில் செய்தி அனுப்புகிறவர்கள் 'ஆர்', 'எஸ்' என்று போட்டு மிச்சம் பிடிப்பதில் ஆச்சரியம் என்ன? தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் எழுபது எழுத்தில் முடிந்துவிடுவதற்கும் காரணம் இதுவேதான்.

ஆக, ஒரு குறி பிறந்துவிட்டால் போதாது. ஜாபிதாவில் நம்பர் வேண்டும். பெட்டியில் வேஷம் வேண்டும். விசைப்பலகையில் விசை வேண்டும். வழியிலுள்ள ஒவ்வொரு பழைய யந்திரமும் அதை ஒப்புக் கொள்ள வேண்டும். முதல் மூன்றும் இரண்டு வருஷத்திற்குள் நடந்துவிட்டன. நாலாவது இன்னும் நடந்து கொண்டிருக்கிறது.

அதுவரையில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விலைப் பட்டியலோ, ரசீதோ, கடன் சீட்டோ, பணம் குறித்து எதை அனுப்பினாலும், எண்ணால் எழுதியதை ஒரு தடவை எழுத்தாலும் எழுதிவிடுங்கள். "ரூபாய் ஐந்நூறு மட்டும்" என்று எழுதினால் எந்தத் தொப்பிக்காரரும் அதற்கு முன்னால் குட்டி 1 போட முடியாது. பத்திரம் எழுதிய நம் பெரியவர்கள் "எழுத்தால்" என்று ஒரு வரி சேர்த்தது சும்மா அல்ல. கம்ப்யூட்டர் எழுத்தையெல்லாம் எண்ணாக்கி வைத்துக் கொள்ளட்டும். நாம் நமது எண்ணை எழுத்தாக்கி வைத்துக் கொள்வோம்.